அப்பாவின் இடக்கை வெல்டு

பழைய பந்தயக் காரைக் காட்டி யாராவது "இதுதான் அது" என்று நெஞ்சை நிமிர்த்தினால் தங்கச்சிக்கு முதலில் சிரிப்புதான் வரும். இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம் ஓடிய கார்களின் பூர்வீகத்தைத் தோண்டிச் சான்று தருவது அவள் தொழில். அவள் கையெழுத்து இல்லாமல் எந்தப் பழைய காரும் அந்தப் பந்தயத்தின் வருடாந்திர நினைவு ஓட்டத்தில் இறங்க முடியாது. இந்த முறை அதற்காகக் காத்திருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன்.

அப்பா மெக்கானிக்காக இருந்த அணியின் கார், மழையில் விடிய விடிய ஓடி ஜெயித்த கார், ஒருவழியாக அண்ணன் கைக்கு வந்திருந்தது. அதோடு ஓசியில் வந்த வெறும் சேசிஸ், அதாவது காரின் குழாய்ச் சட்டம் ஒன்று, முன்பக்கம் நசுங்கி, துருவேறி ஒர்க் ஷாப் மூலையில் கிடந்தது. நல்ல குழாயாகப் பார்த்து அதிலிருந்து அறுத்துக் காருக்கு ஒட்டுப்போட்டிருந்தார் அண்ணன்.

எஞ்சினை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது வாடகைக்குக் குடியிருப்பவன் மாதிரி, பந்தயத்துக்குப் பந்தயம் வீடு மாறும். சேசிஸ் நம்பர் பொறித்த தகடு அசல்தான். அண்ணனுக்கு முகமெல்லாம் பல். ஆனால் தகட்டை நம்பி ஏமாறுகிற ஆளா அவள்? அந்தக் காலத்தில் கார் அடிபட்டால், அந்த நம்பருக்கு வாங்கிய, நாட்டு எல்லை தாண்டுவதற்கான காகிதம் வீணாகாமலிருக்க, அதன் தகட்டைப் பிடுங்கி உதிரி சேசிஸில் அடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் அடுத்த பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஜெயித்த காரின் பெடல் சட்டத்தை, குள்ளமான டிரைவருக்காக அப்பாதான் பின்னுக்குத் தள்ளி வெல்டு வைத்தார். அப்பாவுக்கு இடக்கைப் பழக்கம். அவர் வெல்டின் வரிகள் எதிர்ப்பக்கம் சாயும். வீட்டு கேட்டில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம்.

காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பெடல் பக்கம் யாரோ வலக்கைக்காரர் வேலை. நேரே மூலைக்குப் போய் நசுங்கிய சேசிஸின் துருவைச் சுரண்டினாள். வரிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

"அண்ணே, அப்பா காரோட தகடு மட்டும்தான் அந்தக் கார்ல இருக்கு. அப்பா கார் இது. இதைத்தான் நீ அறுத்துட்டிருக்க."

அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா காரைத் தன் கையாலேயே கூறு போட்டுவிட்டதாகப் புலம்பினார். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இதைவிட மோசமாகச் சிதைந்த கார்களை எழுப்பி ஓட விட்டவள் அவள், அசரவில்லை.

"அறுத்தது எங்கயும் போயிடல. எல்லாம் அந்தக் காருக்குள்ளதான் இருக்கு. எடுத்துத் திரும்ப இதுல வை. நான் கையெழுத்துப் போடுறேன்."

இந்த வருஷ ஓட்டம் போய்விடுமே என்றார் அண்ணன். போகட்டும் என்றாள்.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பளபளவென்று நின்ற காரின் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு ரம்பத்தை எடுத்து, தான் போட்ட முதல் ஒட்டிலேயே கை வைத்தார்.