வருகிறோம் என்று சொன்ன ஊர்

வெஸ்லி ஹால்வர்சன் எங்கள் ஊருக்கு வந்த ஐந்தாவது வாரம், மலையுச்சியில் கிடந்த மூடுபனி கீழே இறங்கி வந்து அவன் பின்னால் நடக்கத் தொடங்கியது. அதே வாரம் மண்ணெண்ணெய் விலையும் ஏறியது; ஆகவே பனியைப் பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. அவன் கடைக்குப் போனால் அது கடை வாசலில் நின்றது. கடற்கரைக்குப் போனால் படகுகளுக்கிடையே ஒதுங்கி நின்று, அவன் திரும்பும்போது கூடவே திரும்பியது.

கலேத்தா அங்கோஸ்தா சிலியின் வட கரையில், பாலைவனம் கடலில் வந்து முடியும் இடத்தில் இருக்கிறது. இங்கே மழை என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல். மலைமேல் கம்பங்கள் நட்டு வலை கட்டியிருக்கிறோம். கடலிலிருந்து எழும் பனி அதில் மோதித் துளித்துளியாகக் குழாயில் இறங்கும். அதுதான் குடிநீர். பனி வராத மாதங்களில் தண்ணீர் லாரி வரும், ஓட்டுநருக்கு நினைவிருந்தால்.

வெஸ்லிக்கு அப்போது இருபது வயது. மின்னசோட்டாவில் சோளம் விளையும் ஒரு சிற்றூரிலிருந்து, ஒரு சிறிய சபை அவனை இரண்டாண்டு ஊழியத்திற்கு அனுப்பியிருந்தது. பழைய மீன் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து நாற்பது நாற்காலிகளைப் போட்டான். டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான். வாசலில் நிற்பவனிடம் முடியாது என்று சொல்வது எங்கள் ஊரில் பெரும் மரியாதைக் குறைவு. ஆகவே அறுபத்திரண்டு வீட்டாரும், “வராம இருப்போமா தம்பி? ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துடறோம்” என்று சொல்லி, தேநீரும் ரொட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளூரில் எவரும் இத்தகைய வாக்கை நம்பி அடுப்பில் உலை ஏற்றுவதில்லை. வெஸ்லி நம்பினான். நாற்காலி போதாதே என்று கவலைப்பட்டு, இருபது மீன் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டான். ஞாயிறன்று ஒருவரும் வரவில்லை. நான்கு பாடல்களையும் முழுமையாகப் பாடி, செபித்து, தரையைப் பெருக்கிக் கதவை மூடினான். அடுத்த ஞாயிறும் அவ்வாறே; அதற்கடுத்த ஞாயிறும்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கு மறுநாள், தண்ணீர்க் குழுவின் தலைவி எதுவீனா தாப்பியா கிட்டங்கியை எட்டிப் பார்த்தாள். உள்ளே பனி நிறைந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் தண்ணீர் தேங்கி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பில்லை.

“அழுதியா தம்பி?”

“இல்லைங்கம்மா, பாடினேன். யாரும் வரலை. ஒருத்தர் வந்தாக்கூடப் போதும்.”

“வருவாங்க, வருவாங்க. எங்க ஜனங்க கொஞ்சம் மெதுவு” என்றாள் எதுவீனா, கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல்.

அன்று மாலையே கிட்டங்கியைச் சுற்றி வலை கட்டப்பட்டது. அந்த வாரம் பதினொரு பீப்பாய் நிறைந்தது. மறுவாரம் ஊர்க்கூட்டம் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்து வெஸ்லியைத் தேநீருக்கு அழைக்க வேண்டும், வருகிறோம் என்று மனமுவந்து வாக்களிக்க வேண்டும், எவரும் போகக் கூடாது. பள்ளி ஆசிரியரே அதைப் பிழையின்றி எழுதிக் கொடுத்தார். வெட்கக்கேடு. கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன.

தக்காளி காய்த்தது. பெண்கள் வாரநாள்களிலும் தலைக்குக் குளித்தார்கள். குழந்தைகளின் சொறி ஆறியது. வெஸ்லி மட்டும் மெலிந்துகொண்டே போனான். இங்குள்ள மக்கள் மிகவும் அன்பானவர்கள், எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தன் தாய்க்கு எழுதினான். ஓராண்டு முழுவதும் அதையே எழுதினான்.

இரண்டாம் ஆண்டு ஜூலையில் நொல்பெர்த்தோ அராயா தீர்மானத்தை மீறினான். அவன் கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவன், மனைவியை இழந்தவன். காய்ச்சலில் கிடந்தபோது வெஸ்லி மூன்று நாள் பக்கத்தில் இருந்து, வாயில் வைக்க முடியாத ஒரு சூப்பைக் காய்ச்சிக் கொடுத்திருந்தான். அந்த ஞாயிறு நொல்பெர்த்தோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்த வெஸ்லியால் பாடலைத் தொடங்க முடியவில்லை. மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் சிரித்துவிட்டான். நண்பகலுக்குள் வானம் நீலமாயிற்று. அதன்பின் ஒன்பது நாள்கள் கிட்டங்கியிலும் பனி இல்லை, மலையிலும் இல்லை. லாரியும் வரவில்லை.

பத்தாம் நாள் எதுவீனா, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழுவினர் சூழ நொல்பெர்த்தோவின் வாசலுக்கு வந்தாள்.

“ஏண்டா, உனக்கு என்ன திடீர்னு பக்தி பொங்குது?”

“பக்தியெல்லாம் இல்லக்கா. ஒத்தையில கத்திக்கிட்டுக் கெடக்கான், பாவம். ஒரு மணி நேரம் உக்காந்தேன், அவ்வளவுதான்.”

“நீ உக்காந்த ஒரு மணி நேரத்துக்கு ஊரே ஒம்பது நாளா மூஞ்சி கழுவல. இவளுக்குப் பால் மாவு எதுல கரைக்கிறது? உன் இரக்கத்துலயா?”

குழந்தையின் உதடுகள் வெடித்திருந்தன. நொல்பெர்த்தோ அவற்றைப் பார்த்தான். அடுத்த ஞாயிறு கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டான். மாலையில் வெஸ்லி வந்து தட்டினான்.

“உடம்பு சரியில்லையாண்ணே?”

“இடுப்புப் பிடிப்பு, தம்பி. அடுத்த வாரம் கட்டாயம் வரேன்.”

“கட்டாயமா?”

“கட்டாயமா.”

வாசலின் மூன்று படிகளை இறங்குவதற்குள் வெஸ்லிக்குத் தன் கையே தெரியாமற்போயிற்று. அதன்பின் பனி ஒருநாளும் விலகவில்லை. வாரத்திற்கு முப்பது பீப்பாய் நிறைந்தது.

ஊழியக் காலம் முடிந்து, திரும்பி வரச் சொல்லிச் சபையிலிருந்து கடிதம் வந்தது. வெஸ்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனான். எவரும் வழியனுப்பவில்லை, வழியனுப்புவது அவனை மகிழ்விக்கக்கூடும் என்று குழு கருதியது. செவ்வாய்க்கிழமை பேருந்து வந்தது. ஓட்டுநருக்குச் சாலையோரம் ஒரு வெண்மை தெரிந்தது, அதற்குள் கையசைத்தவன் தெரியவில்லை. ஏழு செவ்வாய்க்கிழமைகள் வெஸ்லி அங்கே நின்றான். ஏழு முறையும் பேருந்து நிற்காமல் போயிற்று. எட்டாவது செவ்வாயன்று அவன் போகவில்லை. கிட்டங்கியில் நாற்காலிகளை வரிசைப்படுத்தும் ஓசை கேட்டது. அவன் தாய் விசாரித்து எழுதிய கடிதத்திற்கு, தங்கள் மகன் மிக்க நலம், ஊரார் அனைவரும் அவர்மீது பிரியமாக இருக்கிறோம் என்று குழுவின் முத்திரையுடன் பதில் சென்றது. அதிலும் பிழை இல்லை.

நான்காம் ஆண்டுக்குப் பிறகு வெஸ்லியை எவரும் கண்ணால் கண்டதில்லை. தேநீருக்கு அழைக்கும் முறையும் நின்றுவிட்டது. அழைக்க ஆள் அகப்படவில்லை. ஞாயிறுதோறும் பாட்டு மட்டும் கேட்கிறது. ஐந்தாம் ஆண்டிலிருந்து நொல்பெர்த்தோ தவறாமல் போகிறான். குழு தடுப்பதில்லை, ஏனெனில் அவன் போவதால் ஒரு பீப்பாயும் குறைவதில்லை. “தம்பி, நாந்தான், நொல்பெர்த்தோ. வந்துட்டேன்” என்று சொல்வான். பாட்டு நிற்காது. குரல் வரும் பக்கம் கைகளை நீட்டித் துழாவிக்கொண்டே நடப்பான். நாற்பது ஈர நாற்காலிகளும் நான்கு சுவர்களும் அகப்படும், மனிதன் அகப்படமாட்டான். இறுதியில் செபம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும்: “ஒருத்தர் வந்தாக்கூடப் போதும், ஆண்டவரே.”

“வந்திருக்கேன்டா! இங்கதான்டா இருக்கேன்!” என்று நொல்பெர்த்தோ கத்துவது தெருமுனைவரை கேட்கும். அந்நேரத்தில் பெண்கள் குடங்களுடன் குழாயடியில் நிற்பார்கள். வரிசை அதற்காக ஒருமுறையும் கலைந்ததில்லை.

சென்ற ஆண்டு தலைநகரிலிருந்து பொறியாளர்கள் வந்து சோதித்து, வட கரையிலேயே இதுதான் மிகத் தூய நீர் என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள். அது உண்மைதான். இந்தத் தண்ணீரில் பயறு அரை மணி நேரத்தில் வெந்துவிடுகிறது.