ஏழாங்கட்டையில் நின்றவள்

பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்குப் பதினோரு மணி என்பது ஆண்டவன் பார்த்துக் கொடுத்த ஓய்வு. காலையில் பிள்ளைகளை இறக்கியாயிற்று. திரும்ப ஏற்றப் பன்னிரண்டு மணி ஆகும். புஷ்பவள்ளி கோலசிலாங்கூரில் பள்ளிக்கு எதிரே மர நிழலாகப் பார்த்து வேனை ஒதுக்குவாள். கண்ணாடியை இறக்கிவிட்டு வானொலியைத் திறப்பாள்.

அந்த நேரத்தில் ரவீந்திரன் என்கிற அறிவிப்பாளர் தினமும் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் பேசுவார். ஒரு நாள் ஓவியர், ஒரு நாள் எழுத்தாளர், ஒரு நாள் நீரிழிவு மருத்துவர். யார் வந்தாலும், "உங்கள் பயணம் எங்கே தொடங்கியது?" என்றுதான் ஆரம்பிப்பார். மருத்துவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் புஷ்பவள்ளி தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "வானொலி நாடகக் குரலாகத் தொடங்கி, ஐந்து நாவல்கள் எழுதியிருக்கும் உஷாராணி நம்மோடு இருக்கிறார்" என்றதும் அவள் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது.

முப்பத்தேழு வருஷமாக அந்தக் குரலை அவள் தவறவிட்டதில்லை. நாடகமோ விளம்பரமோ, எதில் வந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு நின்று கேட்பாள். கேட்டுவிட்டு வயிறெரிவாள். மறுநாளும் கேட்பாள். ஒருத்தியை வெறுக்க இத்தனை பாடு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், அது வெறுப்பில்லை, ஏக்கம் என்று அவளுக்கே விளங்கியிருக்கும். கேட்கத்தான் ஆளில்லை.

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வீடு பக்கத்துப் பக்கத்து ரப்பர் தோட்டம். பள்ளி முடிந்த வருஷம் வானொலி நாடகத்துக்குக் குரல் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் சொன்னால் காலை உடைப்பார்கள். சொல்லாமல் கோலாலம்பூருக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. காலை ஏழு மணி பஸ். "ஏழாங்கட்டையில நில்லு" என்றாள் உஷா, ஏழாம் மைல்கல்லைச் சொல்லி. புஷ்பவள்ளி நின்றாள். பஸ் வந்தது, உஷா வரவில்லை. கூட்டாளி வரவேண்டும் என்று சொல்லி பஸ்ஸை அனுப்பிவிட்டாள். அன்று பெட்டியோடு லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அப்பாவிடம் வாங்கிய அடி ஒரு வாரம் வலித்தது. இரண்டு மாதம் கழித்து நாடகத்தில் உஷாவின் குரலைக் கேட்டபோது வலித்தது இன்னும் ஆறவில்லை. என்னைக் கழற்றிவிட்டு அவள் மட்டும் வேறு வழியாகப் போய்விட்டாள் என்று நினைத்தாள். கடிதம் போட வீம்பு விடவில்லை. பிறகு உஷாவின் குடும்பமும் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது.

"உங்கள் பயணம் எங்கே தொடங்கியது?" என்று கேட்டார் ரவீந்திரன்.

"ஏழாங்கட்டையில" என்றாள் உஷா.

புஷ்பவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானும் என் கூட்டாளியும் ஒண்ணா போறதாத்தான் பேச்சு. நான் போயி நின்னேன். பஸ்ஸு வந்துச்சு, அது வரல. பயந்துருச்சு. புது நாவல்ல அத எழுதியிருக்கேன்." உஷா புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு வாசித்தாள்: "மாரியம்மன் கோயில் முன்னால், ஏழாங்கட்டையில், அவள் தனியாக நின்றாள். தைரியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை."

பயந்தாங்கொள்ளி என்று நாடு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாளே என்று புஷ்பவள்ளிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தின் நடுவில்தான் கோயில் என்ற சொல் உறைத்தது. ஏழாங்கட்டையில் ஏது கோயில்? அங்கே இருந்தது ரப்பர் ஸ்டோர் அல்லவா?

அப்போதுதான் கணக்கு விளங்கியது. உஷாவின் தோட்டத்தார் சாமான் வாங்கக் கோலசிலாங்கூருக்குப் போவார்கள். கட்டையை அங்கிருந்து எண்ணுவார்கள். புஷ்பவள்ளியின் தோட்டத்தார் போவது பத்தாங் பெர்ஜுந்தைக்கு, எண்ணுவதும் அங்கிருந்துதான். மைல்கல்லைப் பிடுங்கிப்போட்டுக் கிலோமீட்டர் கல் நட்டு அப்போதே வருஷக்கணக்காகியிருந்தது. பெயர் மட்டும் அவரவர் வாயில் மிஞ்சியிருந்தது. ஒரே சாலை, இரண்டு ஏழாங்கட்டை. நடுவில் ஒரு மைல் தூரம். அவள் அனுப்பிவிட்ட பஸ் நேராக உஷாவிடம்தான் போயிருக்கிறது.

"நேயர்கள் அழைக்கலாம்" என்றார் ரவீந்திரன்.

புஷ்பவள்ளி எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை ஒரு பெண் எடுத்தாள். "அஞ்சு நிமிஷம்தான் இருக்கு ஆன்ட்டி, சுருக்கமா பேசணும். ரேடியோவ மூடிருங்க." நான் வந்தேன் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான் புஷ்பவள்ளிக்கு வேண்டியது. அதற்கு அரை நிமிஷமே அதிகம்.

"வணக்கம், யார் பேசுறீங்க?"

"பெஸ்தாரி ஜெயாவுலருந்து புஷ்பவள்ளி."

"பழைய பத்தாங் பெர்ஜுந்தை! சொல்லுங்க, எழுத்தாளர்கிட்ட என்ன கேட்கப்போறீங்க?"

"கேக்க ஒண்ணுமில்லங்க. அந்தப் பொண்ணு வந்துச்சு. பயப்படல. நீ கோயிலுகிட்ட நின்ன, நான் ஸ்டோருகிட்ட நின்னேன். எங்களுக்கு அதாம்புள்ள ஏழாங்கட்டை. பஸ்ஸு என் முன்னாடி நின்னுச்சு. கூட்டாளி வரணும், நீங்க போங்கன்னுட்டேன்."

வானொலியில் யாரும் பேசாத பத்து விநாடி எவ்வளவு நீளம் என்பது ரவீந்திரனுக்குத் தெரியும். "என்ன ஒரு நெகிழ்ச்சியான தருணம்!" என்று ஆரம்பித்தார்.

"இருங்க" என்றாள் உஷா. "புஷ்பா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏறி ஒக்காந்ததுமே டிக்கெட்காரரு சொன்னாரு. 'முன்னாடி கட்டையில ஒரு புள்ள பொட்டியோட நிக்குது, கூட்டாளி வரணுமாம், ஏறமாட்டேன்னுருச்சு'ன்னாரு. நீதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. எறங்கி ஓடியாந்திருக்கலாம், ஒரு கட்டைதான். எறங்குனா தேர்வு போயிரும்னு பேசாம ஒக்காந்துட்டேன். ஒனக்கு எழுத எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு எழுதுவேன்? பயந்தது நீயில்ல புள்ள. எழுதும்போது மாத்திட்டேன்."

ரவீந்திரன் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். வானொலி கேட்டவர்களுக்கு அதோடு சரி. புஷ்பவள்ளியின் தொலைபேசியில் இணைப்பு அறுபடவில்லை.

"லைன்ல இருக்கியா?" உஷாவின் குரல் உடைந்திருந்தது. நாடகத்தில் அவள் அழுது புஷ்பவள்ளி நூறு தடவை கேட்டிருக்கிறாள். இது அந்த அழுகை இல்லை. "திட்டு புஷ்பா. என்னத்தையாவது சொல்லு லா."

திட்டுவதற்கு அவளிடம் முப்பத்தேழு வருஷச் சேகரிப்பு இருந்தது. குளிக்கும்போதும் வேன் ஓட்டும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்த திட்டுகள். இப்போது அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. தெரிந்தே போயிருக்கிறாள் என்று நெஞ்சு கொதித்தது. கொதிக்கும்போதே, எதிர்முனையில் மூச்சு வாங்குகிறவள் இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாதே என்றும் தவித்தது. எதிரே பள்ளி மணி அடித்தது. அவள் கேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த பஸ்ஸு போனப்பறம்..." என்றாள்.

"சொல்லு."

"ஒனக்காக இன்னும் மூணு பஸ்ஸ விட்டேன்டி."