மூடி போட்ட அண்டா

"அண்ணி... நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

நாத்தனாரின் குரலைக் கேட்டதும் அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

கொட்டகையில் ஆறு அண்டாக்கள் ஆறிக்கொண்டிருந்தன. ஆறிலும் மூங்கில் குருத்து. விடியற்காலையில் வெட்டி, தோலுரித்து, சீவி, வேகவைத்த சரக்கு. பத்து மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார். தேறினால் வருஷம் முழுக்க ஏற்றுமதிக் கம்பெனி இந்தக் கொட்டகைப் பெண்களிடமே வாங்கும். தேறாவிட்டால் பன்னிரண்டு பெண்களும் மறுபடி செங்கல் சூளைக்கு.

'புல்லு முளைக்கிற மாதிரி முளைக்குது, அதை எவன் வாங்குவான்?' என்று காலையில்கூடக் கேட்டான் அண்ணியின் புருஷன்.

"சொல்லித் தொலைடி!"

"ஒரு அண்டாவை மூடி வெச்சிட்டேன். ஆவி வீணாப் போகுதேன்னு..."

பச்சைக் குருத்தில் விஷம் உண்டு. திறந்து வேகவைத்தால் ஆவியோடு போய்விடும். மூடினால் உள்ளேயே தங்கும்.

"எந்த அண்டா?"

"அதான் ஞாபகம் இல்ல. எல்லாம் ஒரே மாதிரி இருக்கே!"

"உலை வாயை மூடிட்டே," என்றாள் பக்கத்து அடுப்பு வாயாடி. "ஊர் வாயை எப்படிடி மூடுவே?"

வாசலில் ஜீப் சத்தம்.

அண்ணி யோசிக்கவில்லை. ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு சீவலை எடுத்து நுனிநாக்கில் வைத்தாள், துப்பினாள், வாய் கொப்பளித்தாள். ஐந்தாவதில் கசப்பில் நாக்கு சுருண்டது. ஆறாவது சுத்தம். கரித்துண்டை எடுத்து ஐந்தாவதின் மேல் பெருக்கல் குறி போட்டாள்.

"பேசாம கொட்டிடு. அவருக்கென்ன தெரியவா போகுது?" வாயாடி கிசுகிசுத்தாள்.

"ஆறு அண்டான்னு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கு. வாயை மூடு."

உள்ளே வந்த அதிகாரியின் கண் நேராகக் கரிக்கோட்டில் விழுந்தது.

"இது என்னம்மா?"

"அது விக்கறதுக்கில்ல சார். தெரியாம மூடி போட்டு வெந்துடுச்சு."

"இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நாக்கு சொல்லுச்சு சார்."

"உங்க நாக்கை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாதே!"

ஆறு குப்பிகளில் சீவல்களைப் போட்டு, உள்ளே மஞ்சள் காகிதத்தைத் தொங்கவிட்டு மூடினார். விஷம் இருந்தால் காகிதம் சிவக்கும். மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் சாப்பிடவில்லை. நாத்தனார் நகத்தைக் கடித்தே பசியாறினாள்.

மணி ஒன்று. முதல் காகிதம் மஞ்சள். இரண்டு, மூன்று, நான்கு, மஞ்சள். ஐந்தாவது சூளைச் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது.

ஆறாவது...

மஞ்சள்!

"எல்லா இடத்துலயும் தப்பு நடக்கும்," அதிகாரி பேனாவைத் திறந்தார். "நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி சொன்ன இடம் இது ஒண்ணுதான். வருஷம் முழுக்க உங்க சரக்குதான்மா."

கையெழுத்து விழுந்தது. கொட்டகை கூரை பிய்ந்துவிடும்போல் ஒரு கூச்சல். வாயாடி மூடிகளில் இரண்டைத் தூக்கி ஜால்ரா தட்டினாள்.

"இனிமே அந்த மூடிங்க எதுக்கு அண்ணி?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் நாத்தனார்.

"ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டு வா," என்றாள் அண்ணி. "உங்கண்ணன் வாய்க்குப் போடணும்."