நடவுக்கு வந்தவர்கள்

ராசம்மாளுக்கு இந்திக்காரர்களைக் கண்டால் ஆகாது. "அவங்க பேசறது இந்தி இல்ல அத்தை, வங்காளம்" என்று சுடர்விழி பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "எதைப் பேசினா என்ன, என் வயல்ல எறங்கி என் நடவைத்தானே நடறானுவ" என்பாள் ராசம்மாள்.

அது அவள் வயல் இல்லை, தியாகேசனுடையது. ஆனாலும் பாவாடை கட்டின வயதிலிருந்து அந்த மண்ணில் குனிந்து நட்டவள் அவள். "என் வயல்" என்று அவள் சொல்வதைத் தியாகேசன்கூட இதுவரை திருத்தியதில்லை.

கீழமருதங்குடி வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வரும் டவுன் பஸ் அதற்கு மேல் போகாது, அங்கேயே திரும்பிவிடும். ஊரில் பெண்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று உண்டு. சங்கம் என்றால் ரேஷன் கடையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், கீழே விரிக்க ஒரு ஜமுக்காளம், அவ்வளவுதான். ஆனால் தெருவுக்கு மனைப் பட்டா வாங்கிக் கொடுத்தது அந்தக் கொட்டகைதான். அடி தாங்காமல் புருஷன் வீட்டை விட்டு வந்த பெண்கள் முதலில் வந்து உட்கார்ந்ததும் அங்கேதான். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்ட நுஸைபாவை, மனு மேல் மனு போட்டு ஊர் கொண்டுவந்து சேர்த்ததும் அதே சங்கம்தான். சுடர்விழி அதன் செயலாளர். ராசம்மாள் எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்ட உறுப்பினர். பொறுப்பு இல்லாததால் அவள் வாய்க்குத் தடையும் இல்லை.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து சம்பா நடவு தொடங்கியதும், ஏஜெண்ட் பிரபு ஒரு வேனில் வங்காளத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். பெரும்பாலும் ஆண்கள், ஒன்றிரண்டு பெண்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, விடிந்தும் விடியாமலும் இறங்கி, மளமளவென்று நட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். சங்கத்துப் பெண்கள் வேலையில்லாமல் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ராசம்மாள் மட்டும் அவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

அன்று மாலை கூட்டத்தில் ராசம்மாள் எழுந்துவிட்டாள்.

"நாளைக்கு எல்லாரும் போயி வயல்ல உக்காருவோம். எவன் எறங்குறான்னு பாத்துருவோம்."

"அவங்களும் கூலிக்கு வந்தவங்கதானே அத்தை. கொறைச்ச கூலிக்குக் கூட்டியாந்தவன்கிட்டல்ல நாம சண்டை போடணும்" என்றாள் சுடர்விழி.

"நீ படிச்ச புள்ள, ஒனக்குக் கூட்டியாந்தவன் தெரியிறான். எனக்கு எறங்குறவன் முதுகுதான் தெரியுது."

பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். கூட்டம் ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தது.

மறுநாள் காலை ராசம்மாள் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனாள். தியாகேசனின் களத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் புல் நன்றாக மண்டிக் கிடக்கும். களத்தோரம் பழைய உர குடோன் ஒன்று உண்டு. நடவு ஆட்களை அதில்தான் தங்கவைத்திருந்தார்கள். அன்று வெயில் ஏறியும் அவர்களை வயலில் காணவில்லை. குடோன் ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை மட்டும் நீண்டிருந்தது. அதில் காலியான ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

"ஜொல்... ஜொல்" என்றது ஒரு பெண் குரல்.

ராசம்மாள் அரிவாளோடு நின்றாள். அக்ரஹாரத்தில் ஒரு காலத்தில் ஜலம், ஜலம் என்று சொல்லிக் கேட்ட ஞாபகம் அவளுக்கு.

"ஜலமா? தண்ணியா கேக்கறே?"

ஜன்னலுக்குப் பின்னால் முகம் வேகமாக ஆடியது. சின்னப் பெண்தான், முப்பதுக்குள் இருக்கும். நெற்றி வகிட்டில் குங்குமம் கலைந்து கிடந்தது. அவள் உள்ளே திரும்பி எதையோ காட்டினாள். "ஜொர்... ஜொர்" என்று தன் நெற்றியில் கையை வைத்துக் காட்டினாள்.

ஜுரம். அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ராசம்மாள் எட்டிப் பார்த்தாள். தரையில் சாக்கை விரித்து ஓர் ஆள் சுருண்டு கிடந்தான். கண் மஞ்சளும் சிவப்புமாகத் தெரிந்தது. சுற்றிலும் மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிச்சு வெளிய தூக்கிட்டு வாங்கய்யா! எதுக்கு உள்ளாற போட்டு வச்சிருக்கீங்க?" என்று கத்திக்கொண்டே முன்பக்கம் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவின் நாதாங்கியில் வெளியிலிருந்து ஒரு பெரிய பூட்டு தொங்கியது.

ராசம்மாளின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். ராத்திரியில் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனால் ஆள் விட்டுப் பிடித்துவந்து கட்டிவைப்பார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதற்கெல்லாம் செங்கொடி பிடித்து, அடி வாங்கி, அந்தக் காலம் ஒழிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. பூட்டைக் கையால் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஜன்னல் வழியே கொடுத்துவிட்டு, புல்லையும் அரிவாளையும் போட்டது போட்டபடி சுடர்விழி வீட்டுக்கு நடந்தாள். சுடர்விழி தோசைக் கல்லின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

"சுடரு, அடுப்பை அணை. இந்திக்காரங்களப் போட்டுப் பூட்டி வச்சிருக்கான்."

"அவங்கள வெரட்டணும்னு நேத்துதானே அத்தை சொன்னீங்க?"

"வேலையை எடுத்துக்கிட்டான்னு ஏசறது வேற. ஆளைப் பூட்டி வைக்கிறது வேற. வர்றியா, நான் தனியாப் போகவா?"

சுடர்விழி அதற்குள் அடுப்பை அணைத்திருந்தாள்.

பிரபுவுக்குப் போன் போட்டாள். அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "முன்பணம் வாங்கியிருக்காங்கம்மா. ஒருத்தன் காய்ச்சல்னு படுத்தா எல்லாரும் ஊருக்குப் போறேங்குறாங்க. சாயங்காலம் வந்து தெறக்கறேன். ஒரு மாத்திரை குடுங்க, சரியாப் போயிடும்." அவர்களுடைய ஆதார் அட்டையும் போனும் தன்னிடம்தான் இருக்கின்றன, எங்கே போய்விடுவார்கள் என்றும் சொன்னான். சுடர்விழி எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பிறகு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போலீஸுக்கும் பேசினாள். வருகிறோம் என்றார்கள். 108க்கும் சொல்லிவிட்டு, நுஸைபாவையும் வரச் சொன்னாள்.

இவர்கள் களத்துக்குப் போய்ச் சேரும்போது பெண்கள் கூடிவிட்டார்கள். தியாகேசனும் வந்துவிட்டார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. பூட்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துப் போயிற்று.

"சத்தியமா எனக்குத் தெரியாது ராசம்மா. தங்கறதுக்கு எடம் கேட்டான், குடுத்தேன். சாவியும் அவன்கிட்டதான்."

"தெரியாம நடந்தது தெரியாம நடந்ததாவே இருக்கட்டும். இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல? ஆபீசருங்க வர்றதுக்குள்ள உள்ள கெடக்கறவன் போயிட்டான்னா?"

தியாகேசன் ஒரு நிமிஷம் ரோட்டைப் பார்த்தார், பிறகு பூட்டைப் பார்த்தார். மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"என் குடோன். என் கதவு. நானே சொல்றேன், ஒடைங்க."

அவர் கொடுப்பதற்குள் ராசம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். பூட்டு கெட்டியானது. நாதாங்கிதான் துருப்பிடித்த நாதாங்கி. மூன்றாவது நெம்பலில் மரத்தோடு பெயர்ந்து வந்தது. பாட்டிலை நீட்டிய பெண் வெளியே வந்தாள். வெயில் கூசிக் கண்ணை மூடிக்கொண்டு, முதலில் கைக்குக் கிடைத்த ராசம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நுஸைபா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். குவைத்தில் பக்கத்து வீட்டுச் சமையல்காரி ஒரு வங்கதேசத்துப் பெண். வீட்டை விட்டு வெளியே விடாத அந்த வருஷங்களில், பால்கனிக்குப் பால்கனி அவளோடு பேசித்தான் தனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது என்பாள் நுஸைபா. அப்படிக் கற்ற வங்காளத்தில் அவள் இரண்டு வார்த்தை பேசியதும், அவ்வளவு நேரம் கல்லாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஆள் அழுதுவிட்டான்.

"இவ பேரு ஷெபாலி. படுத்திருக்கறது இவ வீட்டுக்காரர், ரத்தன்" என்றாள் நுஸைபா. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கன்னு கேட்டதுக்குத்தான் பூட்டியிருக்கான். ஒங்களைப் பாத்தா மொதல்ல பயமா இருந்துச்சாம் ராசம்மாக்கா. வயல்ல நின்னு கத்தின அம்மா இவங்கதான்னு சொல்றா."

எல்லாரும் ராசம்மாளைப் பார்த்தார்கள்.

"கத்தினேன்தான்" என்றாள் ராசம்மாள். "இப்ப ஆம்புலன்ஸ்ல ஏறச் சொல்லு."

ஷெபாலி ஏறினாள். ஆனால் பிடித்த கையை விடவில்லை. அதனால் ராசம்மாளும் ஏற வேண்டியதாயிற்று.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் எலிக் காய்ச்சல் என்றார்கள். சேற்றிலேயே நிற்கிறவர்களுக்கு வருவதுதான், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். ரத்தன் தேறும்வரை சங்கத்துப் பெண்கள் முறைபோட்டுக் கூட இருந்தார்கள். முறை யாருடையதாக இருந்தாலும் ராசம்மாளும் இருந்தாள். பேச்சே புரியாத இரண்டு பேரும் அந்த வராந்தாவில் எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ, ஷெபாலிக்கு ஊரில் ஒரு பெண் குழந்தை இருப்பதும், அது மாமியாரிடம் வளர்வதும், மழைக்கு ஒழுகும் அவர்கள் வீட்டுக் கூரையும் ராசம்மாளுக்குத் தெரிந்துவிட்டன.

ரத்தன் சாம்பார் சாதத்தைத் தொட மறுத்தான். "பத்தியத்துல கெடக்கறவனுக்கு நாக்கைப் பாரு" என்று திட்டிக்கொண்டே வந்த ராசம்மாள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் காரமில்லாமல் கெண்டை மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோனாள். அவன் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினான். ஷெபாலி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, எதுவோ குறைகிறது என்பதுபோல் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் தன் முகச்சுளிப்பைத் தானே உணர்ந்து வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து ராசம்மாள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கடுகை அரைச்சு ஊத்தணுமாம்" என்று அன்று சாயங்காலம் நுஸைபா விளக்கினாள்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எனக்கே சமையல் சொல்லிக் குடுக்குறாளா?" என்றாள் ராசம்மாள். ஆனால் வரும் வழியில் கடுகு வாங்கிக்கொண்டாள்.

ஊரில் இதற்குள் கோட்டாட்சியர் வந்து ஒவ்வொருவராக விசாரித்துவிட்டுப் போயிருந்தார். பிரபுவின் மேல் வழக்குப் பதிவாயிற்று. அட்டைகளும் போன்களும் திரும்பிவந்தன. ஊருக்குப் போவதானால் அனுப்பிவைக்கிறோம் என்றார்கள் அதிகாரிகள். வெறுங்கையோடு எப்படிப் போவது, நட்டு முடித்துவிட்டுப் போகிறோம் என்றார்கள் வங்காளத்து ஆட்கள்.

அதற்காகவே கூடியது அடுத்த கூட்டம். தகரக் கொட்டகையில் ஒரு பக்கம் ஊர்ப் பெண்கள், ஒரு பக்கம் வங்காளத்து ஆட்கள், நடுவில் நுஸைபா. நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை, தியாகேசன் உட்பட எல்லாரும் ஜமுக்காளத்தில்தான். முதலில் எழுந்தவள் ராசம்மாள்.

"எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. இவங்களும் நடட்டும், நாங்களும் நடறோம், சேந்து. எல்லாருக்கும் ஒரே கூலி. நடுவுல எந்த ஏஜெண்ட்டும் வேணாம். இந்தக் கூலிக்குக் கீழ இவங்களும் எறங்கக் கூடாது, நாங்களும் எறங்க மாட்டோம். இதை அவங்க பாஷையில சொல்லு நுஸைபா."

"எனக்குக் கட்டுப்படியாகணும்ல ராசம்மா" என்றார் தியாகேசன்.

"ஏஜெண்ட்டுக்குக் குடுத்தது கட்டுப்படியாச்சா?"

தியாகேசன் பிடரியைச் சொறிந்துகொண்டார். மற்ற மிராசுதாரர்களிடமும் தானே பேசுவதாகச் சொன்னார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மேலத் தெருவில் இரண்டு பேர் மெஷின் நடவுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள்.

அப்படித்தான் அந்தச் சம்பா நடவு நடந்தது. ஒரே வயலில் இரண்டு பாஷை. ஷெபாலி ராசம்மாளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். "இம்புட்டு நெருக்கி நட்டா எப்படித் தூர் கட்டும்?" என்று ராசம்மாள் திட்டுவாள். ஷெபாலியும் பதிலுக்கு ஏதோ திட்டுவாள். அர்த்தம் சொல்ல நுஸைபாவைக் கூப்பிட இரண்டு பேருக்குமே அவசியப்படவில்லை. உடம்பு தேறிய ரத்தன் வரப்பில் உட்கார்ந்து நாற்று முடியை எடுத்து வீசினான். மத்தியானம் அவன் சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொண்டால் ராசம்மாளின் கரண்டி தானாக அவன் தட்டுக்குப் போகும்.

நடவு முடிந்து அவர்கள் கிளம்பிய அன்று சுடர்விழியின் கணவன் பகலவன் தன் லோடு ஆட்டோவில் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டான். ராசம்மாளும் சுடர்விழியும் நுஸைபாவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பிளாட்பாரத்தில் ரயில் வருவதற்கு முன் ஷெபாலி சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டாள்.

ராசம்மாள் பதறிப்போய்ப் பின்வாங்கினாள். "ஏய், எந்திரி. எந்திரிடி. நம்ம சங்கத்துல யாரும் யார் கால்லயும் விழறது கெடையாது."

நுஸைபா மொழிபெயர்த்தாள். ஷெபாலி எழுந்தாள், குழப்பமாக. என்ன செய்தால் சரி என்று தெரியாமல் அவள் நிற்பதைப் பார்த்து, ராசம்மாள் அவளைத் தன் பக்கம் இழுத்து, சேற்றுப் புண் ஆறாத இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சங்கத்துல இப்படித்தான்" என்றாள். "அடுத்த வருஷம் தண்ணி வந்ததும் நான் நுஸைபாவைப் போன் பண்ணச் சொல்றேன். எவன் வேன்லயும் ஏற வேணாம், நேரா எங்க தெருவுக்கு வந்துடுங்க. வர்றப்ப அந்தப் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. நாம வயலுக்குப் போனா சுடரு பாத்துக்குவா."

"நானா?" என்றாள் சுடர்விழி.

"நீதானே செயலாளரு" என்றாள் ராசம்மாள். ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவள் ஷெபாலியின் மூட்டையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று யாரையும் கேட்காமல் முன்னால் நடந்தாள்.