விட்டுக்கொடுத்த சண்டை

1

கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதுளையில் ஒரு துணிக்கடை. உள்ளே ஆணியில் கராத்தேக்காரர்கள் கட்டும் கறுப்புப் பட்டி ஒன்று தொங்கியது. விலை கேட்டேன். “அது விக்கிறதுக்கில்ல,” என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஜௌபர் என்று பேர் வைத்தேன். மிச்சமும் என் கைச்சரக்குத்தான்.

2

எழுபதுகளின் நடுவில், தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த ஏழை வீரசிங்கம்...

(அடித்துவிட்டேன். இவன் ஒன்றும் பாவப்பட்டவன் இல்லை. இவனிடம் உதை வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை கராத்தே வகுப்பில் ஜௌபருக்கு வீரசிங்கம்தான் சோடி. வெள்ளைப் பட்டியில் ஒன்றாகச் சேர்ந்து, மண்ணிறப் பட்டிவரை ஒன்றாக ஏறியவர்கள். கறுப்புக்கு ஸலீம் மாஸ்டர் முன்னால் மோதிக் காட்டவேண்டும். வெற்றி தோல்வி அவருக்குப் பொருட்டில்லை. எதிராளியின் முழு பலத்துக்கு ஆள் நிற்கிறானா என்றுதான் பார்ப்பார்.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்துத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் அரசாங்க ஒப்பந்தத்தில் வீரசிங்கம் குடும்பத்துக்கும் நாள் குறித்துவிட்டார்கள். ஞாயிறு பரீட்சை, செவ்வாய் ரயில்.

“அங்க போனா நான் யாரு மச்சான்? யாருக்குத் தெரியும் என்னைய? இதயாவது கட்டிக்கிட்டுப் போறேன்,” என்றான் வீரசிங்கம்.

 ஜௌபர் அப்போதே ஒரு முடிவெடுத்தான், பாவி.

3

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஜௌபர் வருகிற அடியைப் பார்த்தும் நகரவில்லை. விழுந்தான். எழுந்து, மறுபடி விழுந்தான்.

மாஸ்டர் நிறுத்தினார். “இவன் தேறினானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நீ தெரிய விடல்ல, ஜௌபர். பெல்ட் குடுக்க ஏலா. அடுத்த முறை பாப்பம்.”

“இப்பவே இன்னொருக்கா, மாஸ்டர். இந்த முறை நான்...”

“இனி நீ உண்மையா அடிச்சாலும் நான் நம்பமாட்டன்.”

வீரசிங்கத்துக்கு அடுத்த முறை கிடையாது. அது மாஸ்டருக்கும் தெரியும்.

4

செவ்வாய்க்கிழமை தெமோதரை ஸ்டேஷனில் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜௌபர் தங்கள் துணிக்கடையிலிருந்த நல்ல கறுப்புத் துணியில் பட்டி தைத்துக் கொண்டுபோயிருந்தான். வீரசிங்கம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“மாஸ்டர் கட்டிவிட்டாத்தான் மச்சான் இது பெல்ட்டு. நீ குடுத்தா வெறும் துணி.” கோபமில்லாமல்தான் சொன்னான். “நீ நெசமாவே அடிச்சிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.”

(ரயிலோடு ஜௌபர் ஓடியதாக எழுதி, அதையும் அடித்தேன். அவன் அசையவே இல்லை.)

5

எனக்கும் இந்த முடிவு பிடிக்கவில்லை. மனசு கேட்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பி எழுதினேன். ஜௌபர் உண்மையாக மோதுகிறான், வீரசிங்கம் தாக்குப்பிடிக்கிறான், மாஸ்டர் பட்டியைக் கட்டிவிடுகிறார். மறுபடி எழுதினேன். அப்போதும் தேறினான். எப்படி எழுதினாலும் தேறிவிடுகிறான். பிறகுதான் எனக்கு உறைத்தது, நானும் அவனுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கை இதற்கு உதவாது. அவன்மேல் இரக்கப்படாமல் எழுத உங்களால் முடியுமானால், இங்கிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்:

ஜௌபர் முழு பலத்தோடு உதைக்கிறான். வீரசிங்கம்