இரண்டு நிமிடம் முன்னால்

“சத்தம் வர்றதுக்கு முன்னாடி சொல்ல மாட்டீங்களா?”

ஷூ கம்பெனி கேட்டில் நின்று ஆறு வயது அக்சா கேட்ட கேள்வி அது. கேட்டது வாட்ச்மேன் கோவிந்தசாமியிடம். பதின்மூன்று வருஷம் கழித்து, அவர் காலடியில் மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் அம்மா பொன்மலருக்கு அந்தக் குரல் அப்படியே கேட்டது.

கம்பெனிக்குப் பின்சந்தில்தான் அவர்கள் வீடு. எட்டரைக்குச் சங்கு அலறினால் அக்சா கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வெளியே வர மத்தியானம் ஆகும். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னதை, அடம் என்று தெரு சொன்னது. கோவிந்தசாமி, நர்ஸ் டூட்டிக்குக் கிளம்பிய பொன்மலரைக் கூப்பிட்டார்.

“சங்க நிறுத்த முடியாது சிஸ்டர். ஆனா பொத்தான அமுக்குறது நான்தான? ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்.”

மறுநாளிலிருந்து காலை எட்டு இருபத்தெட்டுக்கும் மாலை ஐந்து இருபத்தெட்டுக்கும் போன் ஒரே ஒரு முறை ஒலித்து நிற்கும். அக்சா ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமையும் ஒலித்தது. அவள் நேரே கேட்டுக்குப் போய்க் கேட்டாள்.

“இன்னிக்கு லீவு. ஏன் அடிச்சீங்க தாத்தா?”

“சங்கு இல்லன்றதையும் சொல்லணும்ல பாப்பா.”

“தினமும் பேஜாரா இல்லியாண்ணா?” என்றாள் பொன்மலர்.

“என் சம்சாரத்துக்கே நான் இப்படி டைமுக்குப் போன் பண்ணதில்ல சிஸ்டர். தெரிஞ்சா சோறு போட மாட்டா.”

அக்சாவின் பதினேழாம் வயதுதான் மோசம். கல்லூரி பாதியில் நின்றது. கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரியாத ஏதோ ஒன்று வெள்ளம்போல் வரும். வடிந்த பிறகும் அதற்குப் பெயர் சொல்லத் தெரியாது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே, “நான் இல்லாம போனா நல்லாருக்கும்மா” என்றாள், மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி. இருபது வருஷ நர்ஸ் பொன்மலர். குழம்புக் கரண்டி அவள் கையிலேயே நின்றது. அன்று மத்தியானமே வேலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

மாத்திரை, வாராவாரம் பேச்சு, வீட்டில் மாற்றி மாற்றித் துணை. ஒரு முறை டாக்டர் கேட்டார்:

“ரொம்ப கஷ்டமா இருக்கறப்ப என்னம்மா பண்ணுவே?”

“எட்டு இருபத்தெட்டு வரைக்கும் இருப்பேன். தாத்தா போன் வரும். அப்புறம் அஞ்சு இருபத்தெட்டு வரைக்கும் இருப்பேன்.”

அதைக் கோவிந்தசாமியிடம் சொல்லிவிட வேண்டும் என்று பொன்மலர் அடுத்து வந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் நினைத்தாள். கேக்கைக் கொடுத்தாள். சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

நேற்று மாலை டூட்டி முடிந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். இன்று காலை போன் வரவில்லை. சங்கு மட்டும் வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து அக்சா கட்டிலுக்கு அடியில் போனாள். பொன்மலர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு அக்சா தானே வெளியே வந்தாள்.

“நானும் வர்றேன்.”

“சாவு வீட்டுல மேளம், பட்டாசு எல்லாம் ஜாஸ்தி இருக்கும்டி.”

“தெரியும். அதான் வர்றேன்.”

கோவிந்தசாமியின் தலைமாட்டில் விளக்கு, அவருடைய கண்ணாடி, பட்டன் போன். “கம்பெனிலேர்ந்து யாராச்சும் பண்ணுவாங்கன்னு ஆஃப் பண்ணல சிஸ்டர்” என்றாள் அவர் மகள் ஜோதி.

தெருமுனையில் ஹெட்போனோடு நின்றிருந்தாள் அக்சா. பொன்மலரின் கண் அவளைவிட்டு நகரவில்லை. பையன்கள் சரவெடியைத் தரையில் பிரித்துப் போட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் அக்சா தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய் மறைந்தாள். அவளைத் தேடி ஓடப்போன பொன்மலர், தலைமாட்டில் அந்தப் பட்டன் போன் ஒலித்ததைக் கேட்டு நின்றாள்.

ஒரே ஒரு முறை. நின்றுவிட்டது.

ஒப்பாரியில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. பொன்மலர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், சரியாகவே இருந்த மாலையை இன்னொரு முறை சரிசெய்தாள்.

இரண்டு நிமிடம் கழித்து வெடி கிளம்பியது.