கடைசி நாலு இலக்கம்

கொம்பியூட்டரில் பாக்கியரத்தினத்துக்குத் தெரியாதது இல்லை என்று லிங்கநகரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அதை அதிகம் பரப்பியவனும் நான்தான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மதியத்துக்கு முன்பே அந்தப் பேர் முடிந்துபோயிற்று. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது பிடித்திருப்பேன்.

சின்னதொரு நிவாரண அலுவலகம் எங்களுடையது. நானும் குணேஸ்வரியும்தான் ஆட்கள். மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டதிலிருந்து, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டவர்களின் விபரம் சேர்ப்பதே வேலையாகிவிட்டது. என் மனைவி கமலாதேவியும் அகப்பட்டவர்களில் ஒருத்தி. தகப்பனின் திவசத்துக்கென்று மூன்று நாளுக்குக் கட்டைபறிச்சான் போனவள். மூன்றாம் நாள் படகு நின்றது, ரெலிபோனும் செத்தது.

அந்தக் கிழமை ஒரு வழி திறந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரு படகு போகும், பட்டியலில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு வரும். பட்டியலை வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்குள் துறைமுகத்தடி அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். பேருக்கு நேரே அடையாள அட்டை இலக்கம் சரியாக இருக்கவேண்டும். இலக்கம் இல்லாவிட்டால் ஆள் இல்லை.

அறுபத்தொரு பேரின் படிவங்கள் அந்தப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்றில் வந்து சேர்ந்திருந்தன. குணேஸ்வரி எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் அடித்தாள். அடித்து முடிந்ததும் படிவங்களைக் குசினி அடுப்பில் எரித்தோம். அந்தப் பக்கத்து ஆட்களின் பேர்கள் எழுதிய கடுதாசி தேடுதலில் அகப்பட்டால் எழுதியவருக்கும் ஆபத்து, வைத்திருந்தவருக்கும் ஆபத்து. எரிக்கவேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். மாலையில் கொம்பியூட்டரைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அரிசி ரின்னுக்குள் ஒளித்துவைப்பதும் என் சட்டம்தான்.

கமலாவின் படிவத்தைக் குணேஸ்வரி எரிக்காமல் என் கையில் தந்தாள். 'வேறு விபரம்' என்ற இடத்தில், தண்ணி மோட்டரை நிறுத்த மறக்கவேண்டாம் என்று எழுதியிருந்தாள் கமலா. செல் விழுந்து வெடிக்கிற இடத்தில் இருந்துகொண்டு என் மோட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அந்த ஒரு வரியை நாலைந்து தரம் வாசித்துச் சிரித்தேன். பிறகு அதையும் அடுப்பில் போட்டேன். எல்லோருக்கும் உள்ள சட்டம்தானே எனக்கும்.

பிழை புதன்கிழமை நடந்தது. பட்டியலை அச்சில் எடுக்கப் புதிதாக ஒரு பிறின்ரர் வந்திருந்தது. எங்கள் லினக்ஸின் பழைய கேர்னலுக்கு அந்தப் பிறின்ரரை அடையாளம் தெரியவில்லை. கேர்னல் என்பது மெஷினை நடத்துகிற அடிப்படைப் புரோகிராம். அதைப் புதுப்பித்தால் சரிவரும் என்றேன்.

"அண்ணை, கையால எழுதிக் குடுத்திடுவமே, ஒரு மணித்தியால வேலைதானே?" என்றாள் குணேஸ்வரி.

"ஒரு இலக்கம் பிழைச்சால் ஒரு ஆள் அங்கயே நிண்டிடும். மெஷின் பிழை விடாது" என்றேன்.

புதிய கேர்னல் சீடியில் இருந்தது. எங்கள் பழைய மெஷினில் சீடி போட இடமில்லை. ஆகவே டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பெட்டியில் சோற்றுக்கு அடியில் வைத்து, ஆமிக்காரரின் சென்றிகளைத் தாண்டி, ஸைனுலாப்தீனின் கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். அவருடைய மெஷினில் கொழுவி, கேர்னலைப் புதுப்பித்து, இடம் போதாததால் பழையதை அழித்து, ஆபத்துக்கு, மெஷின் எழும்பாவிட்டால் போட்டு எழுப்ப, ஒரு பிளொப்பியும் செய்துகொண்டு வந்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்ததாக எனக்குள் ஒரு பெருமை. அன்றிரவும் டிஸ்க் அரிசிக்குள்தான் உறங்கியது.

வியாழன் காலை எட்டு மணிக்கு டிஸ்க்கைக் கொழுவி மெஷினைப் போட்டேன். திரையில் 'L' என்று ஒரு எழுத்து வந்தது. அதன் பின்னால் 01 01 01 என்று இலக்கம் ஓடத்தொடங்கி, திரை நிறைந்த பிறகும் ஓடியது. வேறொன்றும் வரவில்லை.

இரண்டு மணித்தியாலம் வயரைச் சந்தேகித்தேன், மின்சாரத்தைச் சந்தேகித்தேன், கடல்காற்றின் உப்பைச் சந்தேகித்தேன். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை. பக்கத்தில் கதைத்த குணேஸ்வரி மீது எரிந்து விழுந்தேன். அவள் எழுந்து போய் லிங்கநகரில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள், அந்தப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் அவர்களின் அடையாள அட்டைப் பிரதி இருந்தால் கொண்டுவரட்டும் என்று. ஆட்கள் ஒவ்வொருவராக வரத்தொடங்கினார்கள். என் முதுகுக்குப் பின்னால் இருந்து அவள் கையால் எழுதினாள்.

அன்று பட்டினத்தில் கதவடைப்பு, வீதியும் மறிபட்டிருந்தது. ஸைனுலாப்தீன் மூதூரிலிருந்து ஓடிவந்த மனைவியின் ஆட்களைத் தேடிக் கந்தளாய்க்குப் போயிருந்தார். பத்து மணிக்குப் பிறகுதான் அவருடைய கைப்பேசி அகப்பட்டது. பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரத்தினம், நேத்து உங்கட டிஸ்க் என்ட மெஷின்ல ரெண்டாவதாத்தானே நிண்ட?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெஷின் எழும்பும்போது கேர்னல் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற சின்னப் புரோகிராமின் பேர் லிலோ. அதை நான் கடையில் வைத்துத்தான் எழுதினேன். அங்கே அவருடைய டிஸ்க் முதலாவது, என்னுடையது இரண்டாவது. சந்தியிலிருந்து இரண்டாவது வீடு என்று விலாசம் எழுதிக்கொண்டு, ஒற்றை வீடு மட்டும் நிற்கிற வீதிக்கு வந்திருந்தேன். அது இரண்டாவது வீட்டைத் தேடித்தேடி 01 01 என்று புலம்பிக்கொண்டிருந்தது. நாள்தோறும் டிஸ்க்கைக் கழற்றிக் காவித் திரிந்ததில், அதை இடம் மாற்றுவது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

பிளொப்பியைப் போட்டேன். அது கரகரவென்று வாசித்து முடிக்க ஏழு நிமிடம். பிறகு, தான் தேடிய இடத்தில் டிஸ்க்கைக் காணவில்லை என்று சொல்லி உறைந்து நின்றது. அதையும் அதே கடையில், அதே மெஷினில்தானே செய்தேன், அதற்குள்ளும் அதே பிழை விலாசம். பிளொப்பி தொடக்கத்தில் ஒரு கணம் கேள்வி கேட்டு நிற்கும், அப்போது சரியான விலாசத்தைக் கையால் அடித்தால் போதும். நினைவு வந்து திரும்பப் போட்டேன். பாதியில் மின்சாரம் போனது. அரைமணித்தியாலத்துக்கு மேல் இருட்டுத் திரைக்கு முன்னால் இருந்தேன். யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

பதினொன்றரைக்குக் குணேஸ்வரி பட்டியலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். இருபத்துநாலு பேர். அவளுடைய அண்ணன் இராசதுரையின் பேரும் அதில் இருந்தது. இருபத்தைந்தாவதாக என் மனைவியின் பேரை எழுதி, நேரே இடம் விட்டிருந்தாள்.

"அக்காவின்ரை இலக்கத்தைச் சொல்லுங்கோ அண்ணை."

பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு கடுதாசியும் இல்லை. எங்கள் பக்கத்தில் வெளியே போகிற எவரும் கடுதாசிகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டுதான் போவார்கள், எந்த நேரம் எங்கே ஓடவேண்டி வருமோ என்று. கமலாவின் அட்டை, பிரதி, கலியாண எழுத்து எல்லாம் அவளோடு போயிருந்தன. கிராம சேவகரின் அலுவலகமும் பூட்டு. அவள் பிறந்தது அறுபத்தெட்டாம் ஆண்டு பங்குனிப் பதினாலு. முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் பிறந்த நாளின் கணக்கு, பெண் என்றால் ஐந்நூறு கூட்டவேண்டும். விரல் விட்டு எண்ணி 68574 என்று சொன்னேன். குணேஸ்வரி எழுதினாள். மிச்சம் நாலு இலக்கத்துக்காகப் பேனையைத் தூக்கிப்பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு என் மெஷினின் எல்லா இலக்கங்களும் பாடம். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளின் கடைசி நாலு இலக்கம் தெரியாது. எரித்த படிவத்தில் அது என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் மோட்டர் வரியை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாய்க்கு வந்த நாலு இலக்கத்தைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிழை இலக்கம் ஒன்று அகப்பட்டால் பட்டியல் முழுவதையும் திருப்பி அனுப்புவார்கள் என்றாள் குணேஸ்வரி. அவள் சொன்னது சரி. அந்த வரியை நான்தான் வெட்டினேன். அவள் பட்டியலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் போனாள், போகும்போது கண்ணைத் துடைத்ததைக் கண்டேன்.

மின்சாரம் வந்தது. பிளொப்பியைப் போட்டு, அது நின்ற கணத்தில் சரியான விலாசத்தை அடித்தேன். மெஷின் எழும்பியது. இடையில் மின்சாரம் போனதையோ என்னவோ கண்டு, டிஸ்க்கை முழுவதும் சோதிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு இருபதுக்கு அறுபத்தொரு பேரும் திரையில் வந்தார்கள். கமலாதேவி பதினேழாவது ஆள். 685742093. புதிய பிறின்ரர் ஒரு பிழையுமில்லாமல் அச்சடித்தது.

சைக்கிளை மிதித்துப் போனேன். ஜன்னலில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். பட்டியல் போய்விட்டது, அடுத்த படகில் பார்ப்போம் என்றார். அடுத்த படகு என்று ஒன்று போகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இராசதுரை வந்து இறங்கினார். கரையில் நடந்ததைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை, நான்தான் விடாமல் கேட்டேன். பேர்களை வாசித்து முடித்த பிறகும் கமலா நகரவில்லையாம். பட்டியல் வைத்திருந்தவரிடம் போய், "திரும்ப ஒருக்காப் பாருங்கோ, என்ரை பேர் கட்டாயம் இருக்கும். லிஸ்ற் அடிக்கிறதே என்ரை அவர்தான்" என்று சொன்னாளாம். அவர் திரும்பவும் வாசித்தாராம். படகு தூரம் போகும்வரை கமலா பையோடு கரையில் நின்றாளாம்.

பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் வெருகல் வழியாக நடந்து வெளியேறியதாகக் கதை வந்தது. நடந்தவர்களில் யாரும் அவளைக் கண்டதாகச் சொல்லவில்லை. காணாமற்போனவர்களுக்கென்று அவ்வப்போது ஒரு படிவம் தருகிறார்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்கிற இடத்தில் இப்போது ஒன்றையும் பார்க்காமலே எழுதுகிறேன்.